கடற்கரைச் செடிக்கு லடாக்கில் என்ன வேலை?

இது நீண்ட பதிவு. தாவரவியலிலும் மருந்தியலிலும் இயற்கைப்பொருள் வேதியியலிலும் ஆய்வு செய்யும் மாணவர்களும், அவர்களை நெறிப்படுத்தும் பேராசிரியர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். மறுப்பு இருப்பின் தயங்காது எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: மறுப்புடன் ஹெர்பேரியத் தாளின் எண்ணையும் சேர்த்துத் தாருங்கள்.

'ஆர்ட்டிமீசியா மாரிட்டிமா' என்னும் பெயரை இந்திய ஆய்வுக் கட்டுரைகளில் நீங்கள் கண்டிருக்கக்கூடும். காஷ்மீரிலோ லடாக்கிலோ லாஹௌல்-ஸ்பிதியிலோ செடி சேகரிக்கப்பட்டதாக 'பொருட்களும் முறைகளும்' என்ற பகுதியில் எழுதியிருப்பார்கள். மாரிட்டிமா என்ற இலத்தீன் சொல்லுக்குக் கடல் சார்ந்தது என்று பொருள். லே நகரமோ கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு மிக அருகிலுள்ள கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இந்த முரண் கட்டுரையாளருக்கும் உறுத்தவில்லை, நெறியாளருக்கும் உறுத்தவில்லை, இதழின் மதிப்பீட்டாளருக்கும் உறுத்தவில்லை.

பெயரின் பொருள் மட்டுமே சான்றாகிவிடாது என்பதை அறிவேன். லின்னேயஸ் 'பெருவியானா' என்று பெயரிட்ட ஸில்லா பெரு நாட்டுச் செடி அன்று. மேற்கு மத்தியதரைக் கடற்பகுதிச் செடி. ஆகவே பெயரை வைத்து வழக்கை முடிக்க இயலாது. ஆனால் ஐயம் கொள்வதற்கு அது போதும். ஐயம் கொண்டவர் செய்ய வேண்டியது, பெயருக்குரிய செடி எது, அதை அடையாளம் காண்பது எப்படி என்று பார்ப்பது. அந்த வேலையைத்தான் நாம் செய்யவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

முதலில் பெயருக்கு உரிய செடியைப் பார்ப்போம்.

லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு 'ஸ்பீஷிஸ் பிளான்ட்டேரம்' நூலில் ஆர்ட்டிமீசியா மாரிட்டிமா என்று பெயரிட்டது வட ஐரோப்பியக் கடற்கரைகளின் செடிக்கு. பிரிட்டன், அயர்லாந்து தொடங்கி நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் ஊடாகப் பால்டிக் கரைகள் வரை அது மண்ணுக்குரிய செடியாக வளர்கிறது. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ், கென்ட், சஃபோக், நார்ஃபோக் போன்ற கிழக்கு, தென்கிழக்குக் கரையோரங்களில் மிகுதி. உவர்ச்சதுப்பின் மேல்விளிம்பு, அதாவது பெரிய ஓதங்களின்போது மட்டும் கடல்நீர் ஏறி நனைக்கும் சற்று உயர்ந்த பகுதி, அதன் முதன்மையான வாழிடம். கடல்தடுப்பு அணைகளின் சரிவிலும் கூழாங்கல் கரைகளிலும் காணலாம். நம் வேதாரண்யத்து உவர்நிலத்தில் உமரி படரும் இடத்தைப் பார்த்தவர்கள் அந்த நிலவமைப்பை ஓரளவு மனத்தில் கொண்டுவர இயலும்; ஆனால் அங்கே இந்த ஆர்ட்டிமீசியா இல்லை. இந்தியக் கடற்கரையில் இயல்பாக வளரும் செடி அன்று இது.

அடையாளங்கள் இவை. பல்லாண்டு வாழும் செடி. அடிப்பகுதி சற்றே கட்டை போல் இறுகியிருக்கும். உயரம் பெரும்பாலும் அரை மீட்டருக்குள் அடங்கும். தண்டும் இலையும் வெண்சாம்பல் நிறத்தில், சிலந்திவலை படர்ந்தாற்போன்ற மென்மயிர் போர்த்தி இருக்கும். இலையின் இரு புறங்களிலும் அந்த மயிர் உண்டு. இலை இருமுறை பிளவுபட்டது. இறுதிப் பிளவுகள் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள நூல்கள். கசக்கினால் கடுமையான நறுமணம் எழும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பூக்கும். சிரமஞ்சரி மிகச் சிறியது, முட்டை வடிவினது, சுமார் இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ளது. சில செடிகளில் சிரமஞ்சரிகள் தொங்கும், சிலவற்றில் நிமிர்ந்து நிற்கும். எனவே அதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

தீர்மானிக்கும் அடையாளம் இன்னும் உள்ளே இருக்கிறது. ஒரு சிரமஞ்சரியை ஊசியால் பிரித்து உருப்பெருக்கியின் கீழ் வையுங்கள். சிறுபூக்கள் மிகச் சிலவே இருக்கும்; அனைத்தும் இருபால் பூக்கள். விளிம்பில் தனியாகப் பெண்பூக்கள் கிடையா. சிறுபூக்களை நீக்கிவிட்டுப் பூத்தளத்தைப் பாருங்கள்; அது மயிரற்று மழமழவென்றிருக்கும். ஐந்து நிமிட வேலை இது.

இந்த ஐந்து நிமிடம் எதற்கு என்றால், கடற்கரையில் இதனோடு குழம்பக்கூடிய உறவுச் செடிகள் பல உள்ளன. அப்சிந்தியம் என்னும் ஆர்ட்டிமீசியா, யுனானி மருத்துவர்களின் அஃப்சந்தீன், கைவிடப்பட்ட தரிசுகளிலும் சாலையோரங்களிலும் வளர்வது. கடலோர ஊர்களிலும் காணப்படும். அதன் இலைப்பிளவுகள் அகன்று முனை மழுங்கியவை. சிரமஞ்சரி அரைக்கோள வடிவில் நீளத்தைவிட அகலம் மிகுந்தது. பூத்தளத்தில் நீண்ட மயிர்கள் உண்டு. விளிம்புப் பூக்கள் பெண்பூக்கள். வல்காரிஸ் என்னும் ஆர்ட்டிமீசியா உயரமானது. இலையின் மேற்புறம் பச்சை, கீழ்ப்புறம் மட்டுமே வெண்மை. ஸ்டெல்லெரியானா என்பது வடகிழக்கு ஆசியக் கரைகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு ஐரோப்பிய மணல்மேடுகளில் குடியேறிய செடி. வெண்மையில் கடற்செடியை ஒத்திருந்தாலும் அதன் இலைமடல்கள் அகலமானவை, சிரமஞ்சரிகள் பன்மடங்கு பெரியவை, மணமும் இல்லை.

எல்லாவற்றையும்விடக் குழப்பம் தரக்கூடியது ஆர்ட்டிமீசியா கம்பெஸ்ட்ரிஸின் ஒரு துணைச்சிற்றினம். அதன் பெயரும் மாரிட்டிமாதான்! மேற்கு ஐரோப்பாவின் மணல்மேடுகளில் வளர்வது. பிரிட்டனில் செஃப்டன் கடற்கரையிலும் தென் வேல்ஸின் கிரிம்லின் பரோஸிலும் பதிவாகியுள்ளது. பெயரில் கடல், வாழிடத்திலும் கடல். ஆனால் செடியில் மயிர்ப்போர்வை ஏறத்தாழ இல்லை, மணம் இல்லை, விளிம்புப் பூக்கள் பெண், நடுப்பூக்கள் ஆண்பூக்களாக மட்டுமே இயங்குபவை. வெறும் 'மாரிட்டிமா' என்று எழுதியிருக்கும் ஒரு குறிப்பு எதைச் சுட்டுகிறது என்பதை முழுப்பெயரும் மாதிரியும் இல்லாமல் எவராலும் கூற இயலாது.

இந்த வேறுபாடுகள் நேற்று கண்டுபிடித்தவை அல்ல. இங்கிலாந்தின் மூலிகை நூலாசிரியர் நிக்கொலஸ் கல்பெப்பர் 1652ஆம் ஆண்டு நூலிலேயே கடற்செடி, ரோமானியச் செடி, பொதுச்செடி என மூன்றையும் பிரித்துப் பேசியிருக்கிறார். உருப்பெருக்கி அரிதாயிருந்த காலத்து மூலிகைக்காரர் காட்டிய கவனத்தை, நிறமாலைக் கருவிகள் நிரம்பிய ஆய்வகத்தில் அமர்ந்திருக்கும் நாம் காட்டவில்லை.

அப்படியானால் இமயத்துச் செடி எது? அதன் பெயர் ஆர்ட்டிமீசியா பிரெவிஃபோலியா. வாலிக் இட்ட பெயரை ஏற்று, 1838இல் டி காண்டோல் தம் 'ப்ரோட்ரோமஸ்' ஆறாம் தொகுதியில் முறைப்படி வெளியிட்டார். ஆப்கானிஸ்தானிலிருந்து மேற்கு இமயம் வரையிலான வறண்ட உயர்நிலங்களின் செடி அது. கடற்செடியோடு அதற்கு உண்மையிலேயே நெருங்கிய உறவு உண்டு. இரண்டும் செரிஃபீடியம் என்னும் பிரிவைச் சேர்ந்தவை. இரண்டிலும் சிறுபூக்கள் அனைத்தும் இருபால். இரண்டிலும் பூத்தளம் மயிரற்றது. காய்ந்த தாளில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பயிற்சியற்ற கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

இந்த ஒற்றுமையால்தான் பழைய பிழை நேர்ந்தது. ஜோசப் டால்டன் ஹூக்கர் தொகுத்த 'பிரிட்டிஷ் இந்தியத் தாவரவளம்' நூலின் மூன்றாம் தொகுதி 1880களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அதில் இமயத்துச் செடியும் மாரிட்டிமாவின் கீழேயே வைக்கப்பட்டது. மருந்துச் சந்தையும் அதே திசையில் இழுத்தது. குடற்புழுக்களுக்கு மருந்தான சாண்டோனின் 1830இல் ஆர்ட்டிமீசியாவின் மொட்டுகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. துருக்கிஸ்தானிலிருந்து வந்த அந்த மருந்துச் சரக்கையும் மாரிட்டிமாவின் ஒரு வகையாகவே ஃப்ளூக்கிகரும் ஹான்பரியும் 1874ஆம் ஆண்டு 'ஃபார்மகோகிராஃபியா' நூலில் குறித்தனர். இன்று நாம் ஆர்ட்டிமீசியா சினா என்று தனியே அழைக்கும் செடியோடு தொடர்புடைய சரக்கு அது. ஆக, இங்கிலாந்தின் சேற்றுக்கரை, நடு ஆசியப் புல்வெளி, காஷ்மீரத்துக் கல்வெளி மூன்றும் ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டன. ஆர். என். சோப்ராவின் 'இந்தியாவின் உள்நாட்டு மருந்துகள்' 1933இல் வந்தபோது, இந்தியச் சாண்டோனின் செடி மாரிட்டிமா என்ற பெயரிலேயே அதில் இடம்பெற்றது. 1956ஆம் ஆண்டின் 'இந்திய மருத்துவத் தாவரங்களின் சொற்றொகுதி'யிலும் அப்பெயர் தொடர்ந்தது.

ஹூக்கரையோ சோப்ராவையோ நான் குறைகூறவில்லை. ஹூக்கர் சிற்றினத்தின் எல்லையை விரிவாக வரையும் மரபைச் சேர்ந்தவர். தம்முன் இருந்த தாள்களைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். அம்முடிவை மறுக்கத் தேவையான சான்றையும் நூலிலேயே விட்டுச்சென்றார். சோப்ரா தம் காலத்தில் கிடைத்த ஆகச் சிறந்த தாவரநூலை நம்பினார். குறை நம்முடையது. அவர்களுக்குப் பின் நூறாண்டுக்கு மேலான வகைப்பாட்டியல் பணி நடந்தது. அதை ஒரு வரிகூடப் படிக்காமல், ஒரு கட்டுரையிலிருந்து அடுத்த கட்டுரைக்கு அப்பெயரை நகலெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒருவர் எழுந்து, "நான் பெயரைச் சரிபார்த்தேனே, இணையத் தரவுத்தளம் மாரிட்டிமாவை ஏற்கப்பட்ட பெயர் என்றுதானே காட்டுகிறது?" என்பார். இந்தப் பதிவின் மையமே இதுதான். ஆம், அது ஏற்கப்பட்ட பெயர், ஐரோப்பியக் கடற்செடிக்கு. தரவுத்தளத்திடம் நாம் கேட்டது 'இந்தப் பெயர் செல்லுமா' என்பது. கேட்க வேண்டியிருந்தது 'என் கையிலுள்ள செடி இதுதானா' என்பது. இரண்டாவது கேள்விக்கு எந்தத் தரவுத்தளமும் விடை தராது. அது உங்கள் செடியைப் பார்த்ததே இல்லை.

இணைப்பெயர் வேறு, தவறாக ஏற்றப்பட்ட பெயர் வேறு. ஒரே செடிக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் அவை இணைப்பெயர்கள். அவற்றை ஒரு கணினி நிரல்கூடத் திருத்திவிடும். ஒருவருடைய பெயரை மற்றொருவர்மேல் ஏற்றிவிட்டால், பெயரில் பிழையே இராது, எழுத்துக்கூட்டல் சரியாக இருக்கும், ஆசிரியர் பெயர் சரியாக இருக்கும், பச்சைக்குறி விழும், செடி மட்டும் வேறாக இருக்கும். வகைப்பாட்டியலார் இதற்கென்றே ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள்: 'ஆக்ட். நான் எல்.' ஆசிரியர்கள் கருதியது, லின்னேயஸ் கருதியது அன்று என்பது அதன் பொருள். பழைய இந்திய நூலொன்றை மேற்கோள் காட்டும்போது இந்த மூன்று சொற்களைச் சேர்த்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

"பெயர்கள்தான் நாள்தோறும் மாறுகின்றனவே, எதைப் பின்பற்றுவது?" என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. மாற்றங்கள் உண்டென்பது மெய். பொல்யாகோவ் 1961இல் செரிஃபீடியத்தைத் தனிப் பேரினமாக உயர்த்தினார். 1993இல் ப்ரெமரும் ஹம்ஃப்ரீஸும் தம் பேரின ஆய்வில் அதை ஏற்றனர். 2002இல் வந்த மூலக்கூற்று ஆய்வு அதை மீண்டும் ஆர்ட்டிமீசியாவுக்குள் கொண்டுவர வழிகோலியது. அதனால் கடற்செடியைச் சில நூல்கள் செரிஃபீடியம் மாரிட்டிமம் என்றும் சில ஆர்ட்டிமீசியா மாரிட்டிமா என்றும் எழுதும். இது ஒரே ஆளுக்கு வீடு மாறுவது போன்றது. மாரிட்டிமாவைப் பிரெவிஃபோலியா என்று திருத்துவது ஆளையே திருத்துவது. முன்னதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. பின்னதில் சோம்பலுக்கு இடமில்லை.

அடுத்த மறுப்பு வேதியியலாரிடமிருந்து வரும். "பெயர் எதுவானால் என்ன, எண்ணெயின் கூறுகளை அளந்தோம், எதிர்நுண்ணுயிர் ஆற்றலைக் கண்டோம், எண்கள் பொய்யா?" எண்கள் பொய் இல்லை, அவை எந்தச் செடியின் எண்கள் என்பதுதான் தெரியவில்லை. ஆர்ட்டிமீசியாவில் சுமார் ஐந்நூறு சிற்றினங்கள் உள்ளன. ஒரே சிற்றினத்துக்குள்ளேயே வேதிக்கூறு இடத்துக்கு இடம் மாறும் பேரினம் இது. குர்ரம் பள்ளத்தாக்கில் சாண்டோனின் தரும் செடியை காஸில்பாஷ் ஆர்ட்டிமீசியா குர்ரமென்சிஸ் என்று தனிச் சிற்றினமாகவே பெயரிட்டார். அதுவரை மாரிட்டிமா என்ற பொதுப்பெயருக்குள் மறைந்திருந்த வேறுபாடு அது. அதன் தகுதி குறித்து இன்று மாற்றுக் கருத்து இருக்கலாம். ஆனால் பொதுப்பெயரோடு நின்றுவிட்டால் சாண்டோனின் உள்ள செடியையும் இல்லாத செடியையும் பிரித்தறிய வழியில்லை என்று அவர் கண்டாரே, அந்தக் கவனம்தான் வேதியியலுக்கு அடித்தளம்.

இன்னும் பெரிய சான்று சீனத்திலிருந்து. தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆர்ட்டிமீசினின் கண்டுபிடிப்பில், பழைய மருத்துவ நூல்களின் 'சிங்ஹாவ்' என்ற மூலிகைப் பெயர் எந்தச் சிற்றினத்தைக் குறிக்கிறது என்ற கேள்வி ஓர் இன்றியமையாத படியாக இருந்தது. அப்பெயரில் வழங்கிய செடிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. மலேரியாவை வெல்லும் பொருள் இருந்தது ஆர்ட்டிமீசியா அனுவாவில். தவறான செடியை எடுத்தவர், எத்துணை நுட்பமாகச் சாறு இறக்கினாலும் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார். பெயர் எதுவானால் என்ன என்று கேட்போர் இதற்கு விடை சொல்லட்டும்.

"டி.என்.ஏ. பார்கோடு செய்துவிட்டோம்" என்பது புதிய கேடயம். வரிசையை எதனோடு ஒப்பிட்டீர்கள்? பொதுக்களஞ்சியத்தில் மாரிட்டிமா என்று முத்திரையிட்ட ஒரு வரிசையோடு. அந்த முத்திரையை இட்டவர் லடாக்கிலிருந்து கொண்டுவந்த செடிக்கு அதே பழைய நூலைப் பார்த்துப் பெயர் வைத்தவராக இருந்தால்? பிழை பிழையோடு நூறு விழுக்காடு பொருந்தும். நெருங்கிய உறவுடைய ஆர்ட்டிமீசியாக்களைப் பிரிப்பதில் வழக்கமான பார்கோடு மரபணுக்கள் தடுமாறுவதும் தெரிந்ததே. சான்றுமாதிரியோடு பிணைக்கப்படாத வரிசை, ஊர்பேர் தெரியாத சாட்சி. கைப்பேசிச் செயலிகளின் கதையும் இதுவே. பேரினம் வரை அவை வழிகாட்டக்கூடும். விளிம்புப் பூ பெண்ணா இருபாலா என்பதைத் தொலைவிலிருந்து எடுத்த ஒளிப்படம் எந்தச் செயலிக்கும் சொல்லப்போவதில்லை.

தமிழ் மாணவர்களுக்கு இது எங்கோ நடக்கும் வடநாட்டுச் சிக்கலாகத் தோன்ற வேண்டாம். நீலகிரியில் மண்டிக் கிடக்கும் மாசிபத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நெடுங்காலம் ஐரோப்பாவின் வல்காரிஸ் என்றே எழுதிவந்தோம். சி. பி. கிளார்க் 1876இல் அதை வல்காரிஸின் நீலகிரி வகை என்று பிரித்தார். பம்பானினி 1926இல் ஆர்ட்டிமீசியா நீலகிரிகா என்று தனிச் சிற்றினமாக்கினார். அதன் பிறகும் வல்காரிஸ் என்ற பெயரில் மாசிபத்திரி ஆய்வுகள் வெளிவந்தவண்ணம் இருந்தன. தன் பெயரிலேயே நீலகிரியைச் சுமக்கும் செடிக்கு நாமே அந்தப் பெயரை மறுத்தோம். வொர்ம்வுட் என்ற ஆங்கிலப் பெயருக்குத் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் 'எட்டி' என்று எழுதினர். எட்டி முற்றிலும் வேறு குடும்பத்து மரம். கசப்பு என்ற பொருளை உணர்த்த வேண்டிய இடத்தில் அந்தத் தேர்வு பொருந்தும். மருந்தளவைக் குறிக்கும் இடத்தில் அத்தகைய உரிமை நமக்கு இல்லை.

உரிமை இல்லை என்று நான் வன்மையாகச் சொல்லக் காரணங்கள் மூன்று.

முதலாவது, உயிர். சாண்டோனின் நஞ்சற்ற பொருள் அன்று. அளவு மிஞ்சினால் காண்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும்; வலிப்பு வரை கொண்டுசெல்லும். அதனால்தான் பாதுகாப்பான மருந்துகள் வந்தபின் அது கைவிடப்பட்டது. எந்தச் செடியில் எவ்வளவு உள்ளது என்பதை அறியாமல், 'மாரிட்டிமா மரபுவழி மருந்து, பக்கவிளைவற்றது' என்று முன்னுரையில் எழுதுவது பொறுப்பின்மை. ஐரோப்பியக் கடற்கரைச் செடியின் முடிவுகளையும் இமயத்துச் செடியின் முடிவுகளையும் ஒரே அட்டவணையில் அடுக்கும் தொகுப்புக் கட்டுரைகள் அந்தப் பொறுப்பின்மையைப் பன்மடங்காக்குகின்றன.

இரண்டாவது, செடிகளின் பாதுகாப்பு. நார்ஃபோக் முதல் லடாக் வரை பரவிய ஒரே செடி என்று நம்பினால், அது எங்கும் அருகிவிடாது என்ற பொய்யான நிம்மதி பிறக்கும். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் தன் வாழிடம் மட்டுமே உண்டு. தன்னைச் சார்ந்த உயிர்களும் உண்டு. எஸ்ஸெக்ஸ் எமரால்டு என்னும் பச்சை அந்துப்பூச்சியின் புழு இந்தக் கடற்செடியைத் தின்றே வாழ்ந்தது. இலைத்துணுக்குகளைத் தன் உடலிலேயே ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கும். எஸ்ஸெக்ஸ், கென்ட் உவர்ச்சதுப்புகளில் இருந்த அப்பூச்சியை 1991க்குப் பின் பிரிட்டனில் எவரும் காணவில்லை. லடாக்கில் எத்தனை புதர்கள் இருந்தாலும் அந்தப் பூச்சிக்கு அவை உதவவில்லை. அதேபோல், இமயத்தில் மருந்துக்காகவும் விறகுக்காகவும் காட்டிலிருந்தே பிடுங்கப்படும் பிரெவிஃபோலியாவுக்கு நார்ஃபோக்கின் சதுப்பு ஈடாகாது. ஒரு செடியின் இருப்பை அளக்க வேண்டுமானால் முதலில் அதை அதன் பெயரால் அழைக்க வேண்டும்.

மூன்றாவது, நம் மாணவர்கள். பொதுப்பணத்தில் உதவித்தொகை பெற்று, ஐந்தாண்டு உழைத்து, முனைவர் பட்டம் பெறும் ஒருவரின் ஆய்வேட்டுத் தலைப்பிலேயே தவறான செடி நிற்பது அவருக்கு இழைக்கப்படும் அநீதி. அவரிடம் யாரும் பூவைப் பிரித்துக் காட்டச் சொல்லவில்லை. காய்ந்த இலைப்பொடியை ஒரு கூடில் போட்டு எடுத்துச்சென்று, 'தாவரவியலரால் உறுதிசெய்யப்பட்டது' என்று ஒரு கடிதம் வாங்கிவந்தால் போதும் என்று கற்பித்திருக்கிறோம். பொடியைப் பார்த்துச் சான்று தருவோரும் இருக்கிறார்கள். அதை ஏற்றுக்கொள்வோரும் இருக்கிறார்கள். வகைப்பாட்டியலைக் கிழட்டு அறிவியல் என்று ஒதுக்கி, அதன் ஆசிரியப் பணியிடங்கள் காலியாகும்போது வேறு துறைக்கு மாற்றிவிட்டு, பின்னர் அடையாளம் காண ஆளில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. பெரிய நிறமாலைமானிக்குக் கோடியில் நிதி கேட்கும் திட்டவரைவில், ஹெர்பேரியத் தாளுக்கும் களப்பயணத்துக்கும் சில ஆயிரம் ஒதுக்க மனம் வராதது ஏன்?

குற்றம் சாட்டினால் மட்டும் போதாது. நான் கேட்பவை எளியவை, நாளையே தொடங்கக்கூடியவை.

ஆர்ட்டிமீசியாவில் ஆய்வு செய்வோர் பூக்கும் பருவத்தில், பூவும் அடியிலையும் கொண்ட முழு மாதிரியைச் சேகரிக்கட்டும். சேகரித்தவர் எண், நாள், இடம், உயரம், வாழிடம் ஆகியவற்றைத் தாளில் எழுதி, ஹவுராவின் மத்திய தேசிய ஹெர்பேரியம், கோயம்புத்தூரின் மதராஸ் ஹெர்பேரியம் போன்ற பொது நிறுவனம் ஒன்றில் வைப்பிடட்டும். கட்டுரையில் அந்த வைப்பு எண்ணைத் தரட்டும். தாளின் ஒளிப்படத்தையும் இணைக்கட்டும்.

குறைந்தது ஐந்து சிரமஞ்சரிகளைப் பிரித்து, சிறுபூக்களின் எண்ணிக்கை, பால், பூத்தளத்தின் மயிர் ஆகியவற்றை எழுதட்டும். எந்த நூலின் எந்தத் திறவுகோலைப் பின்பற்றினோம் என்பதை ஒரு வரியில் சொல்லட்டும்.

மாரிட்டிமா என்ற பெயரில் முன்பே கட்டுரை வெளியிட்டவர்களிடம் மாதிரி இருந்தால், அதை மீண்டும் பார்த்துத் திருத்தக் குறிப்பு வெளியிடட்டும். மாதிரி இல்லையெனில் அதையும் சொல்லட்டும். தொகுப்புக் கட்டுரை எழுதுவோர், சேகரித்த இடத்தைப் பார்த்து ஐரோப்பியக் கடற்கரைத் தரவையும் இமயத் தரவையும் தனித்தனியே வைக்கட்டும். வாய்மொழித் தேர்வில் புறநிலைத் தேர்வாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "உங்கள் தாளைக் காட்டுங்கள்."

இத்தனையும் செய்து முடித்தபின், லடாக்கில் நீங்கள் பறித்தது உண்மையிலேயே லின்னேயஸின் கடற்செடி என்று நிறுவினால், அதைவிட மகிழ்ச்சியான செய்தி எனக்கு இல்லை. அது பெரிய கண்டுபிடிப்பு. முதல் ஆளாய்ப் பாராட்டுவேன். அதுவரை உங்கள் ஆய்வேட்டின் செடிப்பட்டியலை ஒருமுறை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பெயர்களை இன்றே குறித்துக்கொண்டு, வரும் பூக்கும் பருவத்தில் களத்துக்குச் செல்லுங்கள்.